அறையில் இருந்தவர்கள்

ரேமண்ட் ஹால்வர்சனின் உயிர் பிரிந்தபோது அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: மனைவி யூனிஸ், தங்கை லொரெய்ன், முதியோர் இல்லத்து நர்ஸ் ஜீனெட், லூத்தரன் சபையின் போதகர் லிண்ட்குவிஸ்ட். ஆறு ஆண்டுகளாக யூனிஸ் இந்தப் பெயர்களை இதே வரிசையில் சொல்லிவருகிறாள். மாவட்ட நீதிமன்றத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் எழுத்தராக இருந்தவள் அவள். எதைச் சொன்னாலும் ஆஜரானவர்களின் பெயர்களிலிருந்து தொடங்குவதுதான் அவளுக்கு வரும். அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான், பல்கலைக்கழகத்தின் கவுன்சிலிங் பயிற்சி நிலையத்தில், எதிரே உட்கார்ந்திருந்த மாணவி மரிசோலிடம் நான்கு பெயர்களையும் சொல்லி நிறுத்தினாள். மரிசோல் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து தொடர்ந்தாள்.

"ஜன்னலக் கொஞ்சம் திறக்கச் சொன்னார். என் கையப் பிடிச்சுக்கிட்டார். அப்படியே அமைதியாப் போயிட்டார்."

மரிசோலின் மடியில் ஒரு பெரிய தாள் இருந்தது. அதில் குடும்பத்தை வரைந்துகொண்டிருந்தாள். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. நெருக்கமானவர்களுக்கு நடுவில் இரட்டைக் கோடு, சண்டைக்காரர்களுக்கு நடுவில் ரம்பத்தின் பல் போல ஒரு கோடு. இந்தத் துறையில் எல்லோரும் இப்படித்தான் வரைவார்களாம். யூனிஸின் வட்டத்துக்கும் ரேமண்டின் சதுரத்துக்கும் நடுவே இரட்டைக் கோடு விழுவதை யூனிஸ் தலைகீழாகப் பார்த்துத் திருப்தி அடைந்தாள். ஓரத்தில் 'ஜன்னல்' என்று ஒரு சொல்லை மரிசோல் தனியாக எழுதியதையும் பார்த்தாள். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த அறைக்கு அவள் நோயாளியாக வரவில்லை. அதை முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தாள். ஆகஸ்ட் மாதம் டாக்டர் வெய்ன்ட்ராப் என்ற பேராசிரியை சபைக்கு வந்து, ஆராதனைக்குப் பிறகு காபி நேரத்தில் பேசினாள். ஒல்லியான உடம்பு, நரைத்த தலை, அடுத்த ஆண்டு ஓய்வு பெறப் போகிறவள். "முப்பத்தஞ்சு வருஷமா கவுன்சிலிங் சொல்லித்தரேன். இருபது வயசுக்காரங்க மனசு எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆராய்ச்சியெல்லாம் அவங்க மேலதான், ஏன்னா வகுப்புலயே கெடைப்பாங்க. ஒரு எம்பது வயசுக்காரர் வந்து உக்காந்தா, குரல ஒசத்திப் பேசறதத் தவிர எங்க பசங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தப்பு அவங்களது இல்ல. நாங்க யாரும் சொல்லித்தரல," என்றாள். பத்து வாரம், வாரம் ஒரு மணி நேரம், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு முதியவர். பெயர் கொடுக்கும் தாள் சுற்றி வந்தபோது யூனிஸ்தான் முதல் வரியில் எழுதினாள். ஹால்வர்சன் குடும்பத்தில் யாரும் உதவி கேட்டுப் போனதில்லை. உதவி கேட்டு வந்தவர்களுக்கு இல்லையென்று சொன்னதும் இல்லை. பக்கத்தில் இருந்த லொரெய்ன், "நாம பேசறத ஒருத்தர் ஒரு மணி நேரம் கேப்பாங்களாமா? இடையில தூங்கலாமான்னு கேளு," என்று சொல்லிவிட்டுத் தாளை அடுத்தவருக்குத் தள்ளிவிட்டாள்.

நிலையத்தில் எதுவும் அவளுக்கான அளவில் இல்லை. நாற்காலிகள் தாழ்ந்து கிடந்தன. உட்கார்ந்தால் எழுவதற்குக் கைப்பிடி கிடையாது. நிரப்பத் தந்த படிவம் தேர்வு பயம் உண்டா, அறைத்தோழருடன் மனத்தாங்கல் உண்டா என்று கேட்டது. வயதுக்குக் கட்டங்கள் போட்டிருந்தார்கள். பதினெட்டிலிருந்து இருபத்துநாலு, பிறகு முப்பத்துநாலு என்று பத்துப் பத்தாகப் போய், கடைசியில் 'அறுபத்தைந்துக்கு மேல்' என்று ஒரே கட்டம். அறுபத்தைந்தில் அவள் ரேமண்டோடு ஏரியில் படகு ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணையும் இந்தப் பெண்ணையும் ஒரே கட்டத்தில் போட அவளுக்குச் சம்மதமில்லை. கட்டத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் 82 என்று எழுதினாள்.

ஆனால் மரிசோல் இருந்தாள். டெக்சாஸ்காரி, இருபத்தாறு வயது, மழையிலும் வெயிலிலும் ஒரே தோல் பூட்ஸ். குரலை உயர்த்திப் பேசாதவள். யூனிஸ் பேசும்போது வேறெங்கும் பார்க்கமாட்டாள். போன வாரம் போகிறபோக்கில் சொன்ன ஒரு பெயரை இந்த வாரம் நினைவு வைத்துக் கேட்பாள். அரிசோனாவில் இருக்கும் மகன் ப்ரெண்ட் ஞாயிறுதோறும் பேசுவான். பேசும்போது பின்னால் கால்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும், கோல் விழும் நேரத்தில் அவன் "அப்புறம்" என்பான். இத்தனை ஆண்டுகளில் ஒருவர் முழுதாக ஐம்பது நிமிடம் தன்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தது எப்போது என்று யூனிஸுக்கு நினைவில்லை. அந்த ஐம்பது நிமிடத்துக்காக அவள் செவ்வாய்க்கிழமையே தலைமுடியைச் சுருட்டி வைத்துக்கொள்ளத் தொடங்கினாள்.

அதோடு இன்னொன்றும் தொடங்கியது. அவளுக்கு முன்னால் ஒன்பது மணிக்கு யாரோ வந்து போகிறார்கள். குப்பைக்கூடையில் கசக்கிய காகிதக் கைக்குட்டைகள் கிடக்கும். ஒன்று, இரண்டு, ஒருநாள் ஏழு. ஏழு கைக்குட்டை அழுதவருக்கு நேரம் நீண்டிருக்கும். அன்று பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய அவளுடைய நேரம் பத்து ஐந்துக்குத்தான் தொடங்கியது. அவளோ மேஜைமேல் இருந்த கைக்குட்டைப் பெட்டியைத் தொட்டதுகூட இல்லை. தொடாததைப் பற்றி இரண்டு வாரம் பெருமையாக இருந்தது. மூன்றாவது வாரம், பெட்டியைத் தொடாதவர்களை யார் நினைவு வைத்துக்கொள்வார்கள் என்று தோன்றியது.

வெளியே எங்கேயாவது பார்த்தால் தான் முதலில் வணக்கம் சொல்லமாட்டேன் என்று மரிசோல் முதல் நாளே சொல்லியிருந்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது கூட இருக்கலாம், மிஸஸ் ஹால்வர்சன். நீங்க சொன்னா நான் சொல்வேன். எங்க எல்லாருக்கும் அதுதான் வழக்கம்." ஒரு சனிக்கிழமை பலசரக்குக் கடையில், உறைந்த பட்டாணிக்கு முன்னால், மரிசோல் ஒரு தோழியோடு சிரித்துக்கொண்டு வந்தாள். யூனிஸ் தலையசைக்கவில்லை. இந்தப் பெண் எனக்காக அந்த வழக்கத்தை மீறுவாளா பார்ப்போம் என்று நிமிர்ந்து நின்றாள். மரிசோல் பட்டாணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒருத்திமேல் மூன்று நாள் கோபமாக இருப்பது எவ்வளவு அபத்தம் என்று நீதிமன்றத்தில் இருந்தவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் இருந்தாள்.

ஐந்தாவது வாரம் முடிந்தபோது அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இதுவரை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்ததெல்லாம் வரவேற்பறைச் சாமான்கள். உள்ளே இருப்பதில் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும்.

உள்ளே இருந்தது இதுதான். கடைசி நான்கு ஆண்டுகள் ரேமண்டுக்கு யூனிஸ் யாரென்று தெரியவில்லை. ஐம்பத்துநான்கு ஆண்டு கூட வாழ்ந்தவளை "மேடம்" என்று கூப்பிட்டான். சோறு ஊட்டினால் மரியாதையாக நன்றி சொன்னான். ஆனால் லொரெய்ன் வாசலில் நின்றாலே முகம் மலரும், "லோரி" என்பான். அந்த ஜனவரி நண்பகலில், மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தவன் திறந்தான். யூனிஸின் தோளுக்குப் பின்னால் பார்த்து, "லோரி" என்றான். பிறகு யூனிஸிடம், "கொஞ்சம் நகருங்க, மேடம்." அவள் நகர்ந்தாள். காரைக் கிளப்பி வைக்காவிட்டால் பேட்டரி உறைந்துவிடும் என்று யாரிடமோ சொல்லிவிட்டு வெளியே போனாள். முன் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டினாள், பின் கண்ணாடியை, பக்கக் கண்ணாடிகளை. இன்னும் உள்ளே போக மனம் வராமல் பக்கத்தில் நின்ற லொரெய்னின் காரையும் சுரண்டினாள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ரேமண்டின் கை லொரெய்னின் கையில் இருந்தது. போதகர் பனியில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் கழித்து வந்தார்.

அடக்கத்துக்குப் பிறகு சாப்பாட்டில் யாரோ, கடைசியில் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். என் கையைப் பிடித்தபடி போனார் என்று யூனிஸ் சொன்னாள். அது வாயிலிருந்து தானாக வந்தது. பக்கத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்த லொரெய்ன் கெட்டிலை நிமிர்த்தி, "ஆமா. ஜன்னலக் கொஞ்சம் திறக்கச் சொன்னான்," என்று சேர்த்தாள். அன்றிலிருந்து அதுதான் நடந்தது. பெயர்ப் பட்டியலில் தன் பெயர் காதில் விழுந்தபோதெல்லாம் போதகரும் மறுக்கவில்லை. பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். யூனிஸும் லொரெய்னும் தனியாக இருக்கும்போதுகூட அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஆறாவது புதன்கிழமை யூனிஸ் நீலக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்தாள். கூரை மூலையில் காமிராவின் சிவப்புப் புள்ளி எரிந்தது. எல்லா உரையாடலும் பதிவாகும், டாக்டர் வெய்ன்ட்ராபும் வகுப்பும் போட்டுப் பார்த்துத் திருத்துவார்கள். அதற்கும் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். தொண்டையைச் செருமினாள். மரிசோல் முந்திக்கொண்டாள்.

"மிஸஸ் ஹால்வர்சன், இன்னிக்கு முதல்ல ஒரு விஷயம் சொல்லணும். மிச்சம் இருக்கிற நாலு வாரமும் உங்களோட வேற ஒருத்தர் உக்காருவார். கோல்பின்னு, என் வகுப்புதான். வியாழக்கிழமை பதினொரு மணி."

"உனக்கு உடம்பு ஏதாவது?"

"இல்லங்க. நான் இங்கதான் இருப்பேன்."

"அப்ப நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

"நீங்க ஒண்ணுமே பண்ணல. சத்தியமா. காரணம் சொல்ல எனக்கு அனுமதி இல்ல." பெண்ணின் காதுமடல் சிவந்திருந்தது.

"நான் அழலங்கிறதாலயா?"

"ஐயோ, இல்லங்க."

யூனிஸ் மீதி நாற்பத்தைந்து நிமிடமும் வானிலையைப் பற்றிப் பேசினாள். மரிசோல் எழுந்திருக்கக் கை நீட்டியபோது, தேவையில்லை என்றாள். நாற்காலியிலிருந்து எழ அவளுக்கு இரண்டு முயற்சி ஆயிற்று.

வியாழக்கிழமை பதினொன்றுக்கு முன்னால் காத்திருப்பு அறைக்குள் நுழைந்தபோது, அங்கே சிவப்புக் கோட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது லொரெய்ன்.

"அட, யூனிஸ். நீ புதன்கிழமைதானே? இங்க பாரு, பல் டாக்டர்கிட்ட உக்காந்திருக்கிற மாதிரி உக்காந்திருக்கேன்."

"நீ எப்பலருந்து?"

"இது நாலாவது வாரம். ஆள் பத்தலன்னு அந்தப் பேராசிரியம்மா போன் பண்ணாங்க. உங்கிட்டச் சொன்னா நீ மூஞ்சியத் தூக்குவேன்னு சொல்லல. ஆனா தங்கமான பொண்ணு கெடச்சிருக்கா. டெக்சாஸ். போன வாரம் என் நாய் செத்த கதையச் சொல்லி ரெண்டு பேரும் அழுதோம்."

கதவு திறந்தது. மரிசோல் நின்றாள். ஒரு நொடி அவள் முகத்தில் எதுவும் இல்லை. பிறகு, "லொரெய்ன், வாங்க," என்றாள். லொரெய்ன், பெயர் சொல்லி. அவள் பார்வை யூனிஸைத் தாண்டி, கோட்டு மாட்டும் கம்பத்தைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போயிற்று. யூனிஸ் தலையசைத்திருந்தால் அவளும் அசைத்திருப்பாள். யூனிஸ் அசைக்கவில்லை.

அன்று கோல்பி என்ற பையன் கேட்டதற்கு என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கு நினைவில்லை. அவன் உரத்த குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டது மட்டும் நினைவிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் லொரெய்ன் சிரிக்கும் சத்தம் கேட்டது. ரேமண்டுக்கும் லொரெய்ன்தான், அந்தப் பெண்ணுக்கும் லொரெய்ன்தான் என்று நினைத்துக்கொண்டாள். அவன் மேடம் என்றான், இவள் மிஸஸ் என்றாள்; பெயர் சொல்லிக் கூப்பிட எல்லோருக்கும் லொரெய்ன் ஒருத்தி. நாய் செத்ததற்கு அழுகிறவளுக்கு அண்ணி வீட்டு ரகசியம் எவ்வளவு நேரம் வாயில் நிற்கும்? இந்நேரம் அந்தத் தாளில் 'லோரி' என்று எழுதியிருக்கும். யூனிஸின் வட்டம் கார் நிறுத்துமிடத்தில் இருக்கும். அந்தப் பெண் தன்னை விட்டது அதனால்தான். முகத்துக்கு நேரே பொய் சொன்ன கிழவி வேண்டாமென்று.

ஞாயிறு ஆராதனை முடிந்து லொரெய்ன் வீட்டில் சாப்பாடு. ஒரு வாரம் இவள் வீடு, ஒரு வாரம் அவள் வீடு என்பது ரேமண்ட் இருந்த காலத்திலிருந்து வந்த பழக்கம். வராமல் இருந்தால் ஊர் கேட்கும். லொரெய்ன் அடுப்பிலிருந்து உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷை எடுத்துக்கொண்டிருந்தாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், மீன் வடிவக் காந்தத்தின் கீழ், மரிசோல் லொரெய்னுக்கு வரைந்த பெரிய தாளின் நகல் தொங்கியது.

"இத இங்கயா மாட்டி வெப்பாங்க?" என்றாள் யூனிஸ்.

"ஏன், அழகா இருக்குல்ல? நான் ஒரு வட்டமாம். இடுப்பு சரியாத்தான் போட்டிருக்கா."

யூனிஸ் கண்ணாடியை மாற்றிக்கொண்டு கிட்டப் போனாள். ரேமண்டின் சதுரம், குறுக்கே கோடு. அதிலிருந்து யூனிஸின் வட்டத்துக்கு இரட்டைக் கோடு. லொரெய்னின் வட்டத்துக்கு ஒற்றைக் கோடு, சாதாரணமான ஒன்று. கீழே மரிசோலின் சிறிய கையெழுத்து: 'இறக்கும்போது அறையில்: மனைவி, தங்கை, நர்ஸ், போதகர். ஜன்னலைக் கொஞ்சம் திறக்கச் சொன்னார். மனைவியின் கையைப் பிடித்தபடி.' அதே நான்கு பேர், அதே வரிசை.

நீதிமன்றத்தில் எத்தனையோ சாட்சிகளுக்கு அவள் சத்தியப் பிரமாணம் செய்துவைத்திருக்கிறாள். உண்மையைச் சொல்லும் இரண்டு பேர் ஒருபோதும் ஒரே சொற்களில் சொல்வதில்லை. ஒருவர் ஜன்னல் என்றால் இன்னொருவர் குளிர் என்பார். சொல்லுக்குச் சொல் ஒத்துப்போனால், சேர்ந்து பாடம் பண்ணியிருக்கிறார்கள் என்று நீதிபதி பேனாவைக் கீழே வைப்பார். மரிசோலும் அப்படித்தான் பேனாவை வைத்திருக்க வேண்டும். வேறு வேறு குடும்பப்பெயர், வேறு வேறு நாள்; ஒரே ரேமண்ட், ஒரே ஜன்னல். ஒரே வீட்டுக்காரர்கள் இருவரை, ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே ஆள் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒருவரை விட்டாக வேண்டும், ஏனென்றும் சொல்லக் கூடாது.

"அங்கயும் எதுக்கு இதையே சொன்ன?" என்றாள், திரும்பாமல். "அந்த அறையில சொன்னா வெளிய போகாது. நெஜத்தச் சொல்லியிருக்கலாம்."

கரண்டி தட்டில் படும் சத்தம் நின்றது. "நீ என்ன சொன்ன?"

"இதேதான்."

"பின்ன? நீ ஒண்ணு, நான் ஒண்ணா சொல்ல முடியும்?"

"உன் பேரத்தான் கூப்பிட்டார், லொரெய்ன். ஆறு வருஷமா அத யார்கிட்டயும் சொல்லாம எப்படி இருக்க முடியுது உன்னால?"

லொரெய்ன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் கேலியாக ஏதாவது சொல்வாள் என்று யூனிஸ் எதிர்பார்த்தாள். "எதுக்குச் சொல்லணும்? எனக்குத் தெரியும்ல," என்றாள் லொரெய்ன். "சாப்பிடு, ஆறிடும்."

யூனிஸ் உட்கார்ந்து சாப்பிட்டாள். நன்றியுணர்வு வரவேண்டிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. தூக்கிக் கொடுத்துவிட்டு அதை மறந்தும் போகிற அளவுக்கு இவளிடம் இருந்திருக்கிறது. தன்னிடம் இருப்பது, இவள் கொடுத்தது மட்டும்தான். ஆறு ஆண்டுகளாக ஹால்வர்சன் வீட்டு மருமகள் தலை நிமிர்ந்து நடந்தது, நாத்தனார் போட்டுக்கொடுத்த பிச்சையில். இரண்டாம் முறை பரிமாற லொரெய்ன் கரண்டியை நீட்டியபோது, யூனிஸ் தட்டைக் கையால் மூடிக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவள் நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். காத்திருப்பு அறையில் லொரெய்ன் தன் பக்கத்து நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்து இடம் விட்டாள், யூனிஸ் உட்கார்ந்தாள். மரிசோல் கதவைத் திறந்தபோது யூனிஸ் தலையசைத்தாள். மரிசோலும் அசைத்தாள், அளவாக. அவ்வளவுதான். லொரெய்ன் எழுந்து உள்ளே போனாள்.

கோல்பியின் அறையில் மூலைக் காமிரா எரிந்துகொண்டிருந்தது. பையன் எங்கிருந்தோ கைப்பிடி வைத்த ஒரு மர நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருந்தான். யூனிஸ் அதைக் கவனித்து, அதில் உட்கார்ந்தாள்.

"மிஸஸ்! ஹால்வர்சன்! போன வாரம்..."

"எனக்கு நல்லாக் காது கேக்கும், தம்பி."

"மன்னிச்சுக்குங்க." அவன் குரல் சாதாரணமாக வந்தபோது நன்றாகவே இருந்தது. கோப்பைப் புரட்டினான். "இதுல ஒண்ணு படிச்சேன். உங்க கணவர் போறப்போ உங்க கையப் பிடிச்சிருந்தார்னு. ரொம்ப அழகா இருந்துச்சு. அதப் பத்திப் பேசலாமா?"

யூனிஸ் கைப்பையை மடியிலிருந்து தரையில் இறக்கினாள். "இந்தப் பதிவ வகுப்புல எல்லாரும் பாப்பீங்களா?"

"சில துண்டுகள மட்டும். யார் யார் இருப்பாங்கன்னு டாக்டர் வெய்ன்ட்ராப்தான் முடிவு பண்ணுவாங்க. வேணாம்னா நிறுத்திடறேன்."

"ஓடட்டும்." சுவருக்கு அந்தப் பக்கம் இன்று சிரிப்புச் சத்தம் இல்லை. "பேனா இருக்கா? அந்த வரிய அடிங்க. அடிச்சுட்டு நான் சொல்றத எழுதுங்க."

அவன் அடித்தான். யூனிஸ் முதுகை நிமிர்த்தி, பையனைப் பார்க்காமல் சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள்.

"அறையில் இருந்தவங்க ரெண்டு பேர். தங்கை லொரெய்ன் பெட்ரிக், நர்ஸ் ஜீனெட். போதகர் பின்னால வந்தார். ஜன்னல யாரும் திறக்கச் சொல்லல, அந்தக் கட்டடத்துல ஜன்னல் திறக்கவே திறக்காது. மனைவி கையப் பிடிக்கல. மனைவி வெளிய கார்க் கண்ணாடியில பனி சுரண்டிக்கிட்டிருந்தா."